குடித்தொகை மதிப்புத் தரவைப் பாவனையாளர் கையில் சேர்ப்பது எப்படி: கொழும்பில் மென்பொருள் திட்டமிடுவோருக்கு முழு வழிகாட்டி

"வெள்ளவத்தையில் எத்தனை பேர் இருக்கிறார்கள்?" கேட்பவருக்கு இது ஒரு வரிக் கேள்வி. பதில் சொல்லவேண்டிய மென்பொருளுக்கு இது நாலு கேள்வி. கொழும்பு 06 என்ற தபால் வலயத்தைக் கேட்கிறாரா, வெள்ளவத்தை என்ற பெயரைத் தாங்கிய கிராம உத்தியோகத்தர் பிரிவுகளையா, மாநகர சபைத் தேர்தல் வட்டாரத்தையா, அல்லது பாமன்கடையையும் சேர்த்துப் பேச்சில் சொல்லும் வெள்ளவத்தையையா? நாலுக்கும் எல்லை வேறு. ஆகவே எண்ணும் வேறு. திரையில் ஓர் எண்ணை மட்டும் காட்டிவிட்டு நிற்கும் மென்பொருள், நாலில் எதைச் சொன்னது என்று கேட்டவருக்குத் தெரியாமலே அனுப்பிவிடுகிறது.

பத்தரமுல்லையிலுள்ள தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் வெளியிடும் தரவை எடுத்து, திட்டமிடலாளர், ஊடகவியலாளர், ஆய்வாளர், தொண்டு நிறுவனம், மாணவர் ஆகியோருக்கு எளிதாகக் கொடுக்க முனையும் சிறு குழுக்களுக்காக இது எழுதப்படுகிறது. வேலை முழுவதற்கும் ஒரே விதி: எண், எல்லை, வரைவிலக்கணம் மூன்றும் ஒரே பொதியில் போகவேண்டும். திரையிலும், இறக்கிய கோப்பிலும், வட்ஸ்அப்பில் பகிரும் படத்திலும் இந்த மூன்றும் பிரியக்கூடாது.

1. முதலில் கேள்விகளைத் திரட்டுங்கள்

மென்பொருள் நிரல் எழுதுமுன் முப்பது நாற்பது உண்மையான கேள்விகளை, கேட்டவரின் வாய்ச்சொல்லிலேயே எழுதி எடுங்கள். "பாவனையாளர் தேவை" என்று கூட்டத்தில் கேட்டால் எல்லோரும் "எல்லாம் வேண்டும், வரைபடத்தில் வேண்டும்" என்பார்கள். அதை வைத்து எதையும் கட்டமுடியாது. "கடைசியாக எந்த எண்ணைத் தேடினீர்கள், கிடைத்தபின் அதை எதற்குள் ஒட்டினீர்கள்?" என்று கேளுங்கள். ஒருவர் வேர்ட் அறிக்கைக்குள் ஒட்டியிருப்பார். இன்னொருவர் எக்செலில் இன்னொரு அட்டவணையோடு பொருத்தியிருப்பார். மூன்றாமவர் செய்தியில் ஒரு வரி எழுதியிருப்பார். இந்த மூன்றும் மூன்று வேறு விநியோகம்.

ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே நாலு விடயம் குறியுங்கள்: தலைப்பு, எந்த மட்டப் பிரிவு, எந்த ஆண்டு, எந்த வடிவம். குறித்து முடித்ததும் ஒரு பகுதியை வெளியே தள்ளவேண்டி வரும். "கொட்டாஞ்சேனையில் சராசரி மாத வருமானம்" என்ற கேள்விக்குக் குடித்தொகை மதிப்பில் விடை கிடையாது. வருமானம் வீட்டு வருமான செலவின ஆய்வில் வருவது. அது மாதிரி எடுத்துச் செய்யும் ஆய்வு என்பதால் மாவட்ட மட்டத்துக்குக் கீழே இறக்கி வாசிக்க முடியாது. "புறக்கோட்டையில் பகலில் எத்தனை பேர்" என்பதும் அப்படித்தான். மதிப்பில் எண்ணப்படுபவர் அங்கே வசிப்பவர். காலையில் ரயிலிலும் பஸ்ஸிலும் வந்து மாலையில் திரும்புபவர் அந்தப் பிரிவின் எண்ணிக்கையில் இல்லை. இப்படி விடையில்லாத கேள்விகளுக்கும் மென்பொருளில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்: "இது இங்கே இல்லை, இன்ன ஆய்வில் பாருங்கள்." வெறும் "முடிவுகள் இல்லை" என்ற செய்தியைவிட இது பலமடங்கு பயன்.

2. எல்லைகளும் குறியீடுகளும்

மற்றெந்தக் கட்டத்தையும்விடக் கூடிய நேரம் இங்கே போகவேண்டும். போகாவிட்டால் பிறகு இரண்டு மடங்காகப் போகும்.

நிர்வாக அடுக்கு எளிதானது: 9 மாகாணம், 25 மாவட்டம், அவற்றின் கீழ் பிரதேச செயலாளர் பிரிவுகள், கடைசியில் 14,000க்கும் மேற்பட்ட கிராம உத்தியோகத்தர் பிரிவுகள். கொழும்பு மாவட்டத்தில் மட்டும் 13 பிரதேச செயலாளர் பிரிவுகள். குறியீடும் இதே அடுக்கில் நீளும். மேல் மாகாணம் 1, கொழும்பு மாவட்டம் 11, அதன்பின் பிரதேச செயலாளர் பிரிவுக்கு இரண்டு இலக்கம், கிராம உத்தியோகத்தர் பிரிவுக்கு மூன்று இலக்கம், ஆக மொத்தம் ஏழு. இந்த ஏழிலக்கக் குறியீடுதான் உங்கள் தரவுத்தளத்தின் சாவி. இடப்பெயரை ஒருபோதும் சாவியாக்க வேண்டாம். ஏன் என்பது நாலாம் பகுதியில் வரும்.

குறியீட்டை எழுத்து வகையாகவே சேமியுங்கள், எண்ணாக அல்ல. கடைசி மூன்றிலக்கம் தனி நிரலில் இருந்தால் "005" என்பதை எக்செல் திறந்தவுடன் 5 ஆக்கிவிடும், பொருத்தல் குலையும். கிராம உத்தியோகத்தர் பிரிவுகளுக்கு மக்கள் அறிந்த இன்னோர் எண்ணும் உண்டு. அதில் எழுத்தும் சாய்கோடும் கலந்து வரலாம். சாய்கோடு உள்ள எண்ணை எக்செல் திகதியாக மாற்றி வைத்தால் மூல எண் திரும்பக் கிடைக்காது. இறக்குமதி செய்யும்போதே அந்த நிரலை எழுத்து வகை என்று குறித்துவிட வேண்டும்.

அடுத்தது எல்லைப் பதிப்பு. பிரிவுகள் பிரிகின்றன, சேர்கின்றன, பெயர் மாறுகின்றன. 1971இல் கொழும்பு மாவட்டத்தின் தொகை 26 இலட்சத்து 72 ஆயிரம். 1981இல் சுமார் 17 இலட்சம். பத்து ஆண்டில் பத்து இலட்சம் பேர் எங்கே போனார்கள்? எங்கும் போகவில்லை. 1978இல் கம்பஹா தனி மாவட்டமானது. கால வரிசை வரைபை எல்லை பார்க்காமல் வரையும் மென்பொருள், தலைநகரம் காலியானதாகவே காட்டும். இதற்குப் பழைய பிரிவையும் புதிய பிரிவையும் இணைக்கும் ஒப்பீட்டு அட்டவணை ஒன்று தேவை. அதன் நிரல்கள்: பழைய குறியீடு, புதிய குறியீடு, மாறிய திகதி, மாற்றத்தின் வகை (பிரிந்தது, சேர்ந்தது, பெயர் மட்டும்), எத்தனை பங்கு போனது. முழுதாகப் பிரிந்த இடத்தில் கூட்டிப் பார்க்கலாம். பகுதியாக எல்லை நகர்ந்த இடத்தில் பங்கை ஊகிக்கவேண்டி வரும், அப்போது விளைவை "மதிப்பீடு" என்று குறிக்காமல் வெளியே விடக்கூடாது.

நகரம், கிராமம் என்ற பாகுபாடு இன்னொரு பொறி. இலங்கையில் மாநகர சபை, நகர சபை எல்லைக்குள் இருப்பதே நகரம். பிரதேச சபைக்குள் இருந்தால் கிராமம். 20 ஏக்கரும் அதற்கு மேலும் பரப்புள்ள, 10 அல்லது அதற்கு மேல் வதியும் தொழிலாளர் உள்ள தோட்டம் பெருந்தோட்டத் துறை. 1987இல் பட்டின சபைகள் பிரதேச சபைகளுக்குள் போனபோது, அவற்றின் தெருவும் கடையும் அப்படியே இருக்க, புள்ளிவிபரத்தில் அவை கிராமமாகின. 2012இல் நாட்டின் 18.2 வீதம்தான் நகரம் என்று வருவதற்கு இதுவே பெருங்காரணம். ஹோமாகம சந்தி நெரிசலில் நின்று பார்ப்பவர் இந்த எண்ணை நம்பமாட்டார். ஆகவே "நகரம்" என்ற சொல் திரையில் வரும் ஒவ்வோர் இடத்திலும் வரைவிலக்கணம் ஒரு தட்டலில் திறக்கவேண்டும்.

நேர்மாறாக, எளிதாகப் பொருந்தும் இடமும் உண்டு. கொழும்பு மாநகர சபை என்பது கொழும்பு, திம்பிரிகஸ்யாய என்ற இரண்டு பிரதேச செயலாளர் பிரிவுகளின் கூட்டு. 2012இல் முதலாவதில் 323,257, இரண்டாவதில் 238,057. கூட்டினால் 561,314. உங்கள் ஒப்பீட்டு அட்டவணை சரியா என்று பார்க்க இந்த மூன்று எண்ணும் நல்ல முதற்சோதனை. தேர்தல் வட்டாரங்கள் இப்படிச் சுத்தமாகப் பொருந்தும் என்று எதிர்பார்க்க வேண்டாம், தபால் வலயங்கள் அதைவிட மோசம். அவற்றை ஆதரிக்கத்தான் வேண்டும், ஏனெனில் மக்கள் "கொழும்பு 13" என்றுதான் தேடுவார்கள். தேடலில் ஏற்றுக்கொண்டு, "இந்த வலயத்தைத் தொடும் பிரிவுகள் இவை" என்று பட்டியலைக் காட்டுங்கள். ஒற்றை எண்ணைக் கூட்டித் தரவேண்டாம்.

3. அட்டவணையை நீளவாக்கில் வையுங்கள்

வெளியீடுகளில் அட்டவணை அகலமாக இருக்கும்: ஒரு நிரையில் ஒரு பிரிவு, பக்கவாட்டில் வயதும் பாலும் இனமும். வாசிக்க அது நல்லது, சேமிக்கக் கூடாதது. உள்ளே ஒரு நிரைக்கு ஒரே ஒரு பெறுமானம் வையுங்கள். நிரல்கள்: பிரிவுக் குறியீடு, எல்லைப் பதிப்பு, மதிப்புத் திகதி, தலைப்பு, வகைக் குறியீடு, பெறுமானம், நிலைக் குறி, மூல அட்டவணையின் இலக்கம்.

அளவை முன்கூட்டியே கணக்கிடுங்கள். 14,000 பிரிவு, 18 வயதுத் தொகுதி, 2 பால் என்றால் 504,000 நிரை. இதையே ஐந்து இனப்பிரிவாக உடைத்தால் 25 இலட்சத்து 20 ஆயிரம். எக்செல் தாளின் எல்லை 1,048,576 நிரை. அதற்கு மேலே உள்ளதைத் திறந்தால் மிச்சத்தை வெட்டிவிட்டுத்தான் காட்டும், எச்சரிக்கையை யாரும் வாசிப்பதில்லை. ஆகவே நாடு முழுவதற்குமான கோப்பை மாவட்டவாரியாகவும் உடைத்துக் கொடுங்கள். தரவுத்தளத்துக்கு இது பெரிய சுமையே இல்லை. போஸ்ட்கிரெஸ் தாராளமாகப் போதும், சிறிய திட்டத்துக்கு எஸ்கியூலைட் கூடப் போதும்.

நிலைக் குறிதான் பலர் மறக்கும் நிரல். வெற்றுக் கட்டம் ஒன்றுக்கு ஐந்து பொருள் இருக்கலாம்: உண்மையான பூச்சியம், எண்ணப்படவில்லை, இரகசியத்தன்மைக்காக மறைக்கப்பட்டது, அந்த ஆண்டில் அந்தப் பிரிவே இல்லை, அந்தக் கேள்வி கேட்கப்படவில்லை. 2001ஆம் ஆண்டு மதிப்பு 18 மாவட்டங்களில்தான் முழுமையாக நடந்தது. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா, மட்டக்களப்பு, திருகோணமலை ஆகியவற்றில் முழுமையாக எண்ணப்படவில்லை. அந்தக் கட்டங்களில் பூச்சியம் போட்டால் வடக்குக் கிழக்கில் ஆளே இல்லை என்றாகும். வெறுமையாக விட்டால் வரைபு வரையும் மென்பொருள் 1981ஐயும் 2012ஐயும் நேர்கோட்டால் இணைத்து, இடையில் நடந்த எதையும் காட்டாமல் வழுக்கிப் போகும். "எண்ணப்படவில்லை" என்ற குறி இருந்தால் கோட்டை உடைத்துக் காட்டலாம்.

மூலம் பிடிஎஃப் ஆக மட்டும் கிடைத்தால் தபூலா போன்ற கருவியால் அட்டவணையை எடுக்கலாம். வழக்கமாகப் பிழைக்கும் இடங்கள் மூன்று. அடிக்குறிப்பு இலக்கம் எண்ணோடு ஒட்டிக்கொள்ளும், 1,254க்கு மேலே இருந்த சிறிய 1 சேர்ந்து 12,541 ஆகிவிடும். இணைந்த தலைப்புக் கட்டங்களால் நிரல்கள் ஒன்று தள்ளிப்போகும். பக்கம் மாறும் இடத்தில் பிரதேச செயலாளர் பிரிவின் மொத்த நிரை இரண்டு தரம் வரும். மூன்றையும் பிடிக்க ஒரே வழி: ஒவ்வொரு பிரிவிலும் ஆண், பெண் கூட்டு மொத்தத்துக்குச் சமமா, கிராம உத்தியோகத்தர் பிரிவுகளின் கூட்டு மேல் மட்டத்துக்குச் சமமா என்று இயந்திரம் பார்க்கவேண்டும். ஒரு நிரை பிழைத்தாலும் ஏற்றம் நிற்கவேண்டும். "பிறகு திருத்தலாம்" என்று விட்டது திருந்துவதில்லை.

4. தமிழ்ப் பெயர்களும் தேடலும்

மூன்று மொழியிலும் இடப்பெயர் தரவேண்டும் என்பதில் இரண்டாம் பேச்சில்லை. ஆனால் தமிழ் நிரல் கடைசி வாரத்தில் அவசரமாகச் சேர்க்கப்படுவதால்தான் அதில் இவ்வளவு பிழை.

"கொழும்பு" என்ற சொல்லையே எடுங்கள். முதலெழுத்திலுள்ள ஒகரக் குறியை ஒரே குறியீட்டுப் புள்ளியாகவும் (யுனிகோட் ஓர் எழுத்துக்கோ குறிக்கோ கொடுக்கும் எண்) எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கணினிக்கு இரண்டும் வேறு. ஒரு கோப்பில் ஒரு விதமும் மற்றதில் மற்ற விதமும் இருந்தால் பொருத்தல் பிழைக்கும், கண்ணால் பார்த்துக் காரணம் கண்டுபிடிக்கவே முடியாது. உள்ளே வரும் எல்லாத் தமிழ் எழுத்தையும் யுனிகோட் என்எஃப்சி வடிவத்துக்கு (இப்படி இரு விதமாக எழுதியவற்றை ஒரே விதமாக்கும் நியம வடிவம்) மாற்றியபின்பே சேமியுங்கள். பாவனையாளர் தேடலில் தட்டுவதையும் அதே வடிவத்துக்கு மாற்றியே ஒப்பிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறிகளையும் முன்பின் இடைவெளிகளையும் அதே இடத்தில் அகற்றுங்கள். ஔகார எழுத்துக்குப் பதில் ஒகரமும் ளகரமும் தட்டியிருந்தால் அதை என்எஃப்சி திருத்தாது. அதற்குத் தனி விதி எழுதவேண்டும்.

பழைய கோப்புகள் பாமினி எழுத்துருவில் வரும். அவை உண்மையில் ஆங்கில எழுத்துகள், எழுத்துரு போட்டால்தான் தமிழாகத் தெரியும். மாற்றிக் கருவியில் போட்டபின் ஒவ்வொரு பெயரையும் மனிதர் ஒருவர் வாசித்துப் பார்க்கவேண்டும். கொழும்பு மாவட்டப் பெயர்களை இருவர் ஒரு நாளில் முடித்துவிடலாம்.

சிஎஸ்வி கோப்பை யூடிஎஃப்-8இல் கொடுத்தும் எக்செலில் தமிழ் குப்பையாகத் தெரிகிறது என்ற முறைப்பாடு நிச்சயம் வரும். கோப்பின் தொடக்கத்தில் பைட் வரிசைக் குறியைச் சேர்த்தால் எக்செல் சரியாகத் திறக்கும். எல்லை வரைபடங்களைக் கொண்டுசெல்லும் பழைய வடிவமான சேப் கோப்பு இன்னும் இறுக்கமானது. அதன் நிரல் தலைப்புக்குப் பத்துப் பைட்டுதான். ஒரு தமிழ்க் குறியீட்டுப் புள்ளிக்கு மூன்று பைட் என்பதால் தமிழ்த் தலைப்பு மூன்று எழுத்தோடு வெட்டுப்படும். பெறுமானம் 254 பைட்டில் நிற்கும், அதாவது சுமார் 84 புள்ளி, அதிலும் எழுத்தின் நடுவில் வெட்டினால் கடைசியில் கேள்விக்குறி வரும். புவியியல் கோப்பை ஜியோபக்கேஜ் வடிவில் கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. பழைய மென்பொருள் வைத்திருப்பவருக்காகச் சேப் கோப்பையும் கொடுக்கலாம், அதில் ஆங்கிலப் பெயரும் குறியீடும் மட்டும் போதும்.

பிறகு மாற்றுப்பெயர் அட்டவணை. கொழும்பில் இது இல்லாமல் தமிழ்த் தேடல் வேலை செய்யாது. ஆங்கிலத்தில் ஹல்ஸ்டோர்ப் தமிழில் புதுக்கடை. முட்வால் முகத்துவாரம். சினமன் கார்டன்ஸ் கறுவாத்தோட்டம். ஸ்லேவ் ஐலண்ட் கொம்பனித்தெரு. எழுத்துப்பெயர்ப்பு மென்பொருள் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும் ஹல்ஸ்டோர்ப்பிலிருந்து புதுக்கடைக்குப் போகாது. கையால்தான் எழுதவேண்டும். "கோட்டை" என்று தட்டினால் கொழும்பு 01ஐயும் காட்டவேண்டும், ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டேயையும் காட்டவேண்டும். எது வேண்டும் என்பதைப் பாவனையாளர் தெரிவார். பம்பலப்பிட்டி, பம்பலபிட்டிய, பம்பலபிட்டி போன்ற எழுத்து வேறுபாடுகளுக்கு ஒரு பெயருக்கு நாலைந்து மாற்றுவடிவம் போதும். தேடிக் கிடைக்காத சொற்களைப் பதிவு செய்து, மாதம் ஒருமுறை இந்த அட்டவணையில் சேர்த்துக்கொண்டே போங்கள்.

5. வரைபடம்

இலங்கையில் இரண்டு ஆள்கூற்று முறைகள் (வரைபடத்தில் இடத்தை எண்களால் குறிக்கும் முறைகள்) புழக்கத்தில் உள்ளன. பழைய கண்டவல முறை, இபிஎஸ்ஜி என்ற சர்வதேசப் பட்டியலில் 5234. புதிய எஸ்எல்டி99, இபிஎஸ்ஜி 5235. இரண்டுக்கும் தொடக்கம் பீதுருதாலகாலை. முதலாவதில் அந்தப் புள்ளிக்கு 200,000, 200,000 என்று பெயர், இரண்டாவதில் 500,000, 500,000. எல்லைக் கோப்பு கிழக்கு மேற்காகவும் வடக்கு தெற்காகவும் 300 கிலோமீற்றர் தள்ளி, கொழும்பு கடலுக்குள் கிடந்தால் காரணம் இதுதான். கோப்பில் முறை எழுதப்படாவிட்டால் கொழும்பின் எண்ணைப் பாருங்கள். கிழக்கு 4 இலட்சத்தையும் வடக்கு 4.9 இலட்சத்தையும் அண்டி இருந்தால் எஸ்எல்டி99. ஓர் இலட்சம், 1.9 இலட்சம் என்றால் கண்டவல. 300,000ஐக் கூட்டிக் கழித்துச் சமாளிக்க வேண்டாம். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் சரியான முறையைக் குறித்து, அங்கிருந்து இணைய வரைபடத்துக்குரிய டபிள்யூஜிஎஸ்84க்கு மாற்றுங்கள். இரு முறைகளும் பூமியின் வடிவத்துக்கு எடுத்த வெவ்வேறு அடிப்படையைச் சரிசெய்யும் தள மாற்றத்தை விட்டுவிட்டால் சில நூறு மீற்றர் பிழை மிஞ்சும். நாட்டு வரைபடத்தில் அது தெரியாது, ஆனால் காலி வீதியில் ஓடவேண்டிய கோடு ஒன்றிரண்டு ஒழுங்கை தள்ளி விழும். அங்கே வசிப்பவர் உடனே கண்டுபிடிப்பார், அதன்பின் உங்கள் எண்களையும் நம்பமாட்டார்.

கோடுகளை எளிமைப்படுத்தும்போது அயல் பிரிவுகளின் பொது எல்லையைச் சேர்த்தே எளிமைப்படுத்தும் கருவியைப் பயன்படுத்துங்கள், மாப்ஷேப்பர் அப்படிப்பட்டது. இல்லையேல் பிரிவுகளுக்கிடையே வெள்ளைக் கீற்றுகள் தோன்றும். நிறம் தீட்டுவது வீதத்துக்கும் அடர்த்திக்கும் மட்டும். மொத்த எண்ணிக்கைக்கு நிறம் தீட்டினால் பரப்பில் பெரிய பிரிவு எப்போதும் கண்ணைப் பறிக்கும்.

6. ஆளை அடையாளம் காட்டாமல் காத்தல்

தொகைமதிப்பில் கொடுத்த தனியாள் விபரம் சட்டப்படி இரகசியமானது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் கவனத்தில் வையுங்கள். திணைக்களம் வெளியிட்ட அட்டவணையை அப்படியே தருபவருக்கு இங்கே வேலை குறைவு. தனிப் பதிவுகளை உடன்படிக்கையின் பேரில் பெற்று, தாமே அட்டவணை உருவாக்குபவர் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகக்கூடாது.

ஒரு பிரிவில் மொத்தம் 412 பேர், நாலு வகையாக 300, 98, 11, 3 என்று வையுங்கள். 3ஐ மறைத்தீர்கள். மொத்தத்திலிருந்து மற்ற மூன்றையும் கழித்தால் அது வெளியே வந்துவிடும். ஆகவே இன்னொன்றையும், பொதுவாக அடுத்த சிறியதான 11ஐயும், மறைக்கவேண்டும். அதோடும் முடியாது. அதே அட்டவணையை இன்னோர் எல்லைக்கும் கொடுத்தால் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து இடையிலுள்ள சிறு துண்டைக் கணக்கிடலாம். பாவனையாளர் தாமே எல்லை வரைந்து கூட்டும் வசதி அழகானது, ஆனால் இந்தக் கழித்தலுக்கு அதைவிட நல்ல கருவி கிடையாது. சிறு பிரிவுத் தரவுக்கு அந்த வசதியைக் கொடுக்காதீர்கள்.

மறைப்பதற்குப் பதில் எண்ணைச் சிறிது மாற்றும் முறைகளும் உண்டு. நியூசிலாந்து 3இன் மடங்குக்கு எழுமாற்றாக முழுமையாக்குகிறது. இங்கிலாந்து 2021இல் பதிவுகளை இடம் மாற்றுவதோடு கட்டங்களில் சிறு மாற்றமும் செய்தது. அமெரிக்கா 2020இல் வேற்றுமை அந்தரங்கம் என்ற, எண்களில் அளவிட்ட எழுமாற்று மாற்றம் சேர்க்கும் கணித முறைக்குப் போனது. சிறு குழு இவற்றைத் தானாக உருவாக்கப் புறப்பட வேண்டாம். மறைத்தலே போதும். எந்த முறையானாலும் அது தரவுத்தளத்துக்குள் ஏறுமுன் நடக்கவேண்டும். திரையில் மட்டும் நட்சத்திரக் குறி போட்டு, பின்னால் ஏபிஐ (மென்பொருள் ஒன்று மற்றொன்றிடம் தரவு கேட்டுப் பெறும் வழி) முழு எண்ணையும் அனுப்பும் தளங்கள் இருக்கின்றன. உலாவியில் ஒரு விசையைத் தட்டினால் எல்லாம் தெரியும்.

7. எந்த மென்பொருள், எந்த வடிவம்

முதலில் கோப்பு, பிறகு தேடல், அதன்பின் ஏபிஐ, கடைசியில் வரைபடம். பலரும் தலைகீழாகத் தொடங்குகிறார்கள், வரைபடம்தான் கண்காட்சிக்கு உகந்தது என்பதால். நல்ல பெயரும் குறிப்பும் உள்ள கோப்புத் தொகுதி ஒன்று, முதல் மாதத்திலேயே ஆய்வாளரின் தேவையில் பெரும்பகுதியைத் தீர்த்துவிடும்.

ஆயத்த மென்பொருளும் உண்டு. அட்டவணை தெரிந்து இறக்குவதற்குச் சுவீடன் புள்ளிவிபர நிறுவனத்தின் பிஎக்ஸ்வெப். தனிப் பதிவிலிருந்து அட்டவணை ஆக்குவதற்கு ஐ.நா.வின் இலத்தீன் அமெரிக்கப் பொருளாதார ஆணைக்குழு உருவாக்கிய ரெடாட்டம். இரண்டும் உழைத்துத் தேறியவை. தமிழ் இடைமுகத்துக்கு மொழிபெயர்ப்பு வேலை உங்களுடையது. சொந்தமாகக் கட்டுவதென்றால் பராமரிக்க ஆள் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். பத்தாண்டுக்கு ஒருமுறை புதிய தரவு வரும் துறையில், கட்டியவர் அடுத்த மதிப்புக்கு இருக்கமாட்டார்.

ஏபிஐயின் ஒவ்வொரு பதிலிலும் பெறுமானத்தோடு எல்லைப் பதிப்பு, மதிப்புத் திகதி, நிலைக் குறி, வரைவிலக்கண இணைப்பு ஆகியவை சேர்ந்தே வரட்டும். விரும்பினால் கேட்கலாம் என்று விட்டால் யாரும் கேட்கமாட்டார்கள். எக்செல் கோப்பில் முதல் தாள் குறிப்பு, இரண்டாம் தாள் தரவு. தரவுத் தாளில் ஒரே ஒரு தலைப்பு நிரை, இணைந்த கட்டம் கூடாது, எண்ணுக்குள் கமா கூடாது. கோப்பின் பெயரில் ஆண்டு, பிரிவு மட்டம், தலைப்பு, பதிப்பு நாலும் இருக்கட்டும். பகிர்வதற்கான படத்தில் எண்ணுக்குக் கீழே எல்லையும் திகதியும் படத்தின் பாகமாகவே அச்சாகவேண்டும், ஏனெனில் படம் போகும் இடத்துக்கு இணைப்பு போவதில்லை. கைபேசிப் பக்கம் எடை குறைந்ததாக இருக்கட்டும். எல்லாப் பிரிவின் எல்லையையும் ஒரேயடியாக இறக்காமல் பார்க்கும் மாவட்டத்தை மட்டும் இறக்குங்கள்.

8. வெளியீட்டு நாளும் அதற்குப் பின்பும்

குடித்தொகை மதிப்பு ஒரே நாளில் வெளியாவதில்லை. முதலில் ஆரம்ப எண்கள், பிறகு இறுதி எண்கள், பிறகு விரிவான அட்டவணைகள். 2024 மதிப்புக்கான திகதி 2024 டிசம்பர் 19. அதன் ஆரம்ப அறிக்கை 2025இல் 21,763,170 என்ற தொகையோடு வந்தது. 2012இன் இறுதித் தொகை 20,359,439. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒன்றுக்கு "ஆரம்பம்", மற்றதற்கு "இறுதி" என்ற குறி கட்டாயம். ஆண்டு நடுப்பகுதி மதிப்பீடுகளை இதே கோட்டில் கலக்கவே கூடாது, அவை எண்ணியவை அல்ல, கணித்தவை.

நாலைந்து பேர் கொண்ட குழுவுக்கு உத்தேசக் கால அளவு இப்படி வரும்: கேள்விகளுக்கு மூன்று வாரம், எல்லைக்கும் குறியீட்டுக்கும் ஆறு, தரவேற்றமும் சோதனையும் ஐந்து, திரையும் கோப்பும் நாலு, பாவனையாளர் சோதனை இரண்டு. சோதனைக்கு ஐந்து பேர் போதும். "மொரட்டுவையில் 60 வயதுக்கு மேற்பட்ட பெண்கள் எத்தனை வீதம் என்று கண்டுபிடித்து இந்த அறிக்கைக்குள் ஒட்டுங்கள்" என்று வேலை கொடுத்துவிட்டுப் பேசாமல் பக்கத்தில் இருங்கள். அவர் ஒட்டிய வரியில் ஆண்டும் எல்லையும் இல்லையென்றால் பிழை அவரிடம் இல்லை.

வெளியிட்டபின் திருத்தம் வரத்தான் செய்யும். எண்ணை ஓசையின்றி மாற்றாதீர்கள். பழைய பதிப்பை அதே முகவரியில் வைத்திருந்து, புதியதற்குப் புதிய பதிப்பு இலக்கம் கொடுத்து, எந்தப் பிரிவில் எந்த எண் எதிலிருந்து எதுவாக மாறியது, ஏன் மாறியது என்று திருத்தப் பட்டியலில் ஒரு நிரை எழுதுங்கள். கோப்பு இறக்கும்போது விரும்பியவர் மின்னஞ்சல் விட்டுச்செல்ல ஒரு கட்டம் வைத்திருந்தால், பழைய எண்ணை ஏற்கெனவே அறிக்கையில் போட்டுவிட்டவருக்கும் அந்த நிரையை அன்றைக்கே அனுப்பலாம்.